மேல்காற்றும் மருந்துத் துளியும்

ஆகஸ்ட் 2, சனி

புழு ஷெட்டைக் கழுவி முடித்தோம். இரண்டு நாளாக ப்ளீச்சிங் பவுடர் நெடியில் மூக்கு எரிகிறது. தட்டு, வலை, தரை, சுவர் எதையும் விடவில்லை. இளம்புழு கொடுக்கிற மையத்து அம்மா, "தெனமும் வெப்பமும் ஈரமும் எழுதி வைங்க வாணி, அப்பத்தான் தப்பு எங்கன்னு தெரியும்" என்று சொல்லி அனுப்பினார். அதற்காகத்தான் இந்த டைரி. வெப்பம் எழுத ஒரு வரி போதும். மிச்ச இடத்தை வீணாக்க எனக்கு மனமில்லை.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம், பட்டுப்புழு கூடு கட்ட இரண்டு நாள் இருக்கும்போது, ஷெட்டில் இருந்த அத்தனையும் பச்சையாகக் கக்கித் தலையை ஆட்டி ஆட்டிச் செத்தன. மருந்து பட்ட இலையைத் தின்றால்தான் அப்படிச் சாகும். எங்கள் மல்பெரிக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருப்பது சம்பூரணத்தின் தோட்டம். அன்று காலை அந்தம்மா முதுகில் ஸ்ப்ரேயரோடு வரப்பில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். தக்காளிக்கு வேப்பெண்ணெய் மட்டும்தான் அடித்தாராம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

"அக்கா" என்று எழுத வந்த கையை நிறுத்தியிருக்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படிக் கூப்பிட்ட பழக்கம். கைக்கு ரோஷமே கிடையாது.

இந்தத் தடவையும் போனால் ஷெட்டை மூடிவிட்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் என்றால் நவநீதன், என் வீட்டுக்காரர். ட்ரோன் பறக்கவிட்டு மற்றவர்கள் காடு தோட்டத்துக்கு மருந்து அடிப்பது தொழில். மனைவி புழு வளர்க்கிறாள், புருஷன் புழுவைக் கொல்கிறான் என்று ஊரில் கேலி பேசாத ஆள் இல்லை. நான் சொல்லச் சொல்ல இவர் ஷெட் வாசலில் காயப்போட்டிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி, பதினெட்டாம் பெருக்கு. ஊரே அமராவதி ஆற்றுக்குப் போயிருக்கிறது. இவர் சமையலறையில் என் விளக்கெண்ணெய் பாட்டிலை மொத்தமாக ஒரு தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாமா, அது என்ற இட்லித் தட்டுங்க."

"கழுவித் தந்தர்றேன் அம்மிணி. எண்ணெயில சொட்டு உழுந்தா அப்படியே உருண்டையா நிக்கும். காயாது, பரவாது. போட்டோ எடுத்து அளந்துக்கலாம்."

"எதை அளக்கப் போறீங்க?"

"சொட்டோட பருமனை."

முன்னே நூல் மில்லில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். நூல் எவ்வளவு மெல்லிசு என்று நாள் பூராவும் அளக்கிற வேலை. மில்லை விட்டுப் பல வருஷமாகியும் அந்தப் புத்தி இவரை விடவில்லை. இப்போது தண்ணீர்ச் சொட்டைப் பிடித்துக்கொண்டார். ட்ரோனின் இறக்கைக்குக் கீழே சின்னதாக ஒரு தட்டு சுற்றும். அது சுற்றுகிற வேகத்தில்தான் மருந்து சொட்டுச் சொட்டாகச் சிதறுகிறது. வேகமாகச் சுற்றினால் பொடிச் சொட்டு, மெதுவாகச் சுற்றினால் பெரிய சொட்டு. தட்டின் வேகம், பறக்கிற உயரம், காற்று எல்லாவற்றையும் போனில் போட்டால் சொட்டு எவ்வளவு பெரிதாக விழும், எது வரைக்கும் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமாம்.

"ரெண்டு முடி தடிமன் இருக்கற சொட்டு கீழ எறங்கறதுக்கே மனசில்லாம மெதக்கும் வாணி. காத்து தூக்கீட்டுப் போயிரும். அதைவிட ரெண்டு மடங்கு இருந்துச்சுன்னு வை, பொத்துன்னு நேரா உழுந்துரும்."

"அப்ப எல்லாத்தையும் பெருசாவே உட வேண்டீதுதான?"

"ரொம்பப் பெருசானா இலையில நிக்காம உருண்டு போயிரும். குருத்துக்குள்ள இருக்கற புழுவு சொகமா இருக்கும்."

நோம்பிக்குச் செய்த கச்சாயத்தில் எட்டைத் தின்றுவிட்டு இந்தப் பாடம். ஆற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அடுத்த வருஷம் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

26 டிகிரி. ஈரம் 82.

புழுக்கள் வந்துவிட்டன. இரண்டாவது தோலை உரித்துவிட்டு, அரிசியை விடக் கொஞ்சம் நீளமாக, கறுப்பும் சாம்பலுமாக. கொழுந்து இலையை அரிந்து தூவினேன். ஏறி வந்து தின்றன. இன்றிலிருந்து வீட்டில் கொசுவத்தி கிடையாது, ஊதுவத்தி கிடையாது, நான் பவுடர் பூசுவது கிடையாது. இவர் மருந்து அடித்துவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்து, துணி மாற்றி, அதற்குப் பிறகும் ஷெட்டுக்குள் வரக்கூடாது. ஜன்னல் வலைக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

நின்று பார்த்தார், ரொம்ப நேரம்.

ஆகஸ்ட் 9, சனி

26 டிகிரி. ஈரம் 80.

காலையில் பால் சொசைட்டியில் சம்பூரணத்தைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. நான் இப்போதெல்லாம் பத்து நிமிஷம் பிந்தித்தான் போவேன். இன்று அந்தம்மாவும் பிந்திவிட்டார். இதே இடத்தில் வைத்துத்தான் ஜூன் மாதம் நான் கேட்டேன்: "எங்க ஷெட்டு நல்லா இருக்கறது பொறுக்காமத்தான மருந்தடிச்சீங்க?" ஊர்ச் சனம் பாதி அங்கே நின்றது. அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குற்றம் இல்லாதவராக இருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டாரா? ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் யார்?

இன்றும் கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். சேலை முந்தியில் கிழிசல் இருந்தது. தைக்க நேரம் இல்லை போலிருக்கிறது.

சாப்பிடும்போது இவர், "ஜூன்ல புழு செத்துச்சே, அதுக்கு முந்தின நாள் காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்றைத் தவிர இந்த மாதங்களில் வேறெந்தக் காற்று அடிக்கும்? ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது? பச்சைக் குழந்தை மாதிரிக் கேட்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தோலுரிக்கத் தூங்குகின்றன. சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு ஷெட்டைச் சாத்தினேன்.

மல்பெரிக்குத் தண்ணீர் விடப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தக்காளியை அழித்துவிட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார். இடுப்பு உயரம் வந்திருக்கிறது. குருத்தெல்லாம் ஓட்டை ஓட்டையாக, மரத்தூள் கொட்டியது போல எச்சம். படைப்புழு. நன்றாக ஏறிவிட்டது. ஏன் மருந்து அடிக்காமல் இருக்கிறார் என்று புரியவில்லை. சோம்பல் அந்தம்மா பக்கத்திலேயே வராது. வீட்டுக்காரர் வடநாட்டுக்கு லாரி ஓட்டப் போனால் வர மாதமாகும், எல்லாம் தனியாள் பாடுதான். ஒருவேளை அடிக்க ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ. எனக்கென்ன வந்தது?

ஆகஸ்ட் 13, புதன்

25 டிகிரி. ஈரம் 78.

துணி கிளிப் எல்லாவற்றையும் காணவில்லை. பார்த்தால் இவர் தோட்டத்தில் குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு கிளிப், கிளிப்புக்கு ஒரு மஞ்சள் சீட்டு என்று தோரணம் கட்டியிருக்கிறார். அந்தச் சீட்டில் ஈரம் பட்ட இடம் நீலமாகிவிடும். சொட்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்காம். நான் பாத்திரம் கழுவிய கையோடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் நீலமாகப் பதிந்துவிட்டது. இவர் அதைப் பறித்துக்கொண்டு, "இது உன்ற சொட்டு. பத்திரமா வெச்சுக்கறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வயசில் இந்தக் கொஞ்சல் எல்லாம் வேண்டுமா? சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் இவராகவே சம்பூரணத்தின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. மக்காச்சோளத்துக்கு ட்ரோனில் அடித்துத் தருகிறேன் என்று சொன்னாராம். அதற்கு அந்தம்மா சொன்ன பதிலை அப்படியே சொன்னார்.

"அங்க புழுவு இருக்குதில்ல? அது கூடு கட்டி முடியட்டும், அடிச்சுக்கலாம்."

"அதுக்குள்ள காடே போயிருமேக்கா."

"போனாப் போவுது. ஒருக்கா வாங்குன பேரு போதும் சாமி."

பெரிய தியாகி மாதிரிப் பேசுகிறார் என்று சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் நினைக்கவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. இவர் தண்ணீர் குடித்துக் குடித்து முழுசாகச் சாப்பிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

26 டிகிரி. ஈரம் 80.

தலைக்குக் குளிக்கலாம் என்று பார்த்தால் ஷாம்பு பாக்கெட் சரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"மருந்து இலையில ஒட்டறதுக்குத்தான் டேங்க்குல ரெண்டு பாக்கெட் ஒடைச்சு ஊத்தறது. எல்லாருந்தான் ஊத்தறாங்க" என்றார். அது எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் ஷாம்பு ஊற்றாமல் மருந்து அடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்று மருந்தே இல்லை. வெறும் தண்ணீரில் ஷாம்பு கலந்து, களத்தில் பறக்கவிட்டு, மஞ்சள் சீட்டையும் எண்ணெய்த் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். அப்புறம் ஷாம்பு இல்லாமல் ஒரு தடவை. மறுபடி ஷாம்புவோடு. கொடியேற்றிவிட்டு மிட்டாய் தின்றுகொண்டு வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்த்தன.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். போனை வைத்து எண்ணெய்த் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வெயில் என்றார். வானம் காலையிலிருந்து மூடித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

புழுக்கள் கடைசித் தூக்கத்தில் இருக்கின்றன. இலை வெட்டும் வேலை இல்லை. அதனால் உட்கார நேரம் இருந்தது, இவர் உட்காரச் சொன்னார்.

என் முன்னால் இரண்டு மஞ்சள் சீட்டு வைத்தார். "எதுல சொட்டு பெருசு?"

ஒன்றில் கடுகு போலப் புள்ளிகள், இன்னொன்றில் துவரம்பருப்பு போல. காட்டினேன்.

"அதுதான் ஷாம்பு ஊத்துனது. ரெண்டு வருசமா சீட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஷாம்பு ஊத்துனா சொட்டு பெருசா உழுவுதுன்னே நெனச்சேன். இப்ப இதைப் பாரு."

எண்ணெய்த் தட்டின் போட்டோவைக் காட்டினார். ஷாம்பு ஊற்றியதில் சொட்டுகள் பொடிப்பொடியாக இருந்தன. தண்ணீர் மட்டும் விட்டதில்தான் பெரிசு. சொட்டு சின்னதுதான், ஷாம்பு இருப்பதால் சீட்டில் விழுந்ததும் பரவிப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ட்ரோனோடு கொடுத்த அட்டவணை வெறும் தண்ணீருக்குப் போட்டதாம். ஷாம்பு ஊற்றினால் அந்தக் கணக்கே பொய்.

"சரி, அதுக்கென்னுங்க இப்ப?"

இவர் தரையைப் பார்த்துப் பேசினார். "ஜூன்ல புழு செத்துச்சில்ல, அதுக்கு முந்தின நாள் நான் பொன்னுச்சாமி அண்ணன் தோட்டத்துல அடிச்சேன். சம்பூரணம் அக்கா காட்டுக்கு மேக்கால ரெண்டு தோட்டம் தள்ளி. காத்து எச்சா, பலமாத்தான் இருந்துச்சு. சொட்டு பெருசு, காத்து ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பிப் பறக்க விட்டேன். சொட்டு இன்னும் பெருசாகட்டும்னு டேங்க்குக்கு நாலு பாக்கெட் ஷாம்பு. அந்த மருந்துதான் வாணி நம்ம மல்பெரியில வந்து எறங்கியிருக்குது. அக்கா அடிச்சது வேப்பெண்ணெய்தான்."

நான் எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

27 டிகிரி. ஈரம் 75.

புழுக்கள் எழுந்துவிட்டன. இனி ஒரு வாரம் அசுரப் பசி. காலை, மதியம், சாயங்காலம் கட்டுக் கட்டாகத் தண்டோடு வெட்டிப் போடவேண்டும். ஆத்திரத்தில் வெட்டினால் சீக்கிரம் முடிகிறது.

தண்டைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவரிடம் கடைசியில் கேட்டுவிட்டேன். "புழுவு செத்ததுக்குக் கோவமில்லீங் மாமா. தெரியாமப் பண்ணீட்டீங்க. ரெண்டு மாசமா அக்காவை நான் வாய்க்கு வந்தபடி பேசறேன், நீங்க கேட்டுட்டு சோறு திங்கறீங்க. எப்படீங்க முடிஞ்சுது?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. சீட்டுல சொட்டு பெருசாக் காட்டுதே, நானா இருக்க முடியாதேன்னும் தோணுச்சு. கணக்கு உறுதியாகட்டும், அப்பறம் சொல்லலாம்னு…"

"சந்தேகத்தை சந்தேகம்னே சொல்லியிருக்கலாமில்ல? நான் எந்தக் கணக்கைப் பாத்து அக்கா மேல பழி போட்டேன்?"

கேட்ட கேள்வி என் மேலேயே திரும்பி விழுந்தது. இவர் தண்டுக்கட்டைத் தோளிலிருந்து இறக்கவுமில்லை, நகரவுமில்லை. இலைக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டவேண்டும் போலவும் இருந்தது.

மத்தியானம் தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுச்சாமி அண்ணன் தோட்டம், மேல்காற்று, ஷாம்பு, எண்ணெய்த் தட்டு. ஒன்றையும் விடவில்லை. மக்காச்சோளத்துக்கு இப்போதே அடித்தாகவேண்டும், சொட்டைப் பெரிதாக்கி ஷாம்பு இல்லாமல் அடிப்பார், எங்கள் பக்கம் வராது என்றும் சொன்னேன். அக்கா அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வந்துச்சுன்னா? மறுக்கா உன்ற புழுவு செத்துச்சுன்னா? அப்ப யாரைச் சொல்லுவே?"

"எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லு. நானும் வந்து கூடச் சேந்து வெய்யறேன். எம்பட வாயில உழுந்து எந்திரிச்சாத்தான் அவனுக்கு புத்தி வரும்." தட்டை மாட்டுக்கு முன்னால் உதறினார். "நாளன்னிக்கிக் காலையில வரச் சொல்லு. காத்து எந்திரிக்கறதுக்கு முன்னால."

உட்காரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

27 டிகிரி. ஈரம் 76.

வேலியை ஒட்டிய எட்டு வரிசை மக்காச்சோளத்துக்கு ட்ரோன் வேண்டாம், ரொம்பப் பக்கம் என்று இவர் சொல்லிவிட்டார். அங்கே மணலில் சுண்ணாம்பைக் கலந்து குருத்துக்குள் கையால் போட்டால் போதும், உள்ளே இருக்கிற படைப்புழு நெரிந்து செத்துவிடும். விஷமும் இல்லை. சுண்ணாம்பு என் ஷெட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மணல் சலித்து வைத்திருந்தார்.

ஆளுக்கொரு வரிசையில் குருத்துக் குருத்தாகப் போட்டுக்கொண்டே போனோம். நாலாவது வரிசை திரும்பும்போது அக்கா, "ஒரு புழுவைக் கொல்றதுக்கு இந்தப் பாடு, இன்னொரு புழுவைக் காப்பாத்தறதுக்கு அந்தப் பாடு. நம்மளைப் படைச்சவன் சும்மா இருக்கவே உடமாட்டான் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஆனாலும் அடுத்த வரிசையில் என் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

இவர் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ட்ரோன் தட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மருந்தைக் கலந்த தண்ணீரையே ஒரு சொட்டு எண்ணெயில் பிடித்து அளந்து, மறுபடி குறைத்து. கடைசியில் சொன்னார்: "நம்ம பக்கம் மல்பெரியில மூணு வரிசை வரைக்கும் வரலாம். நாலாவதுல இருக்காது." எழுதி வைத்துக்கொள் என்றார். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

26 டிகிரி. ஈரம் 81.

விடிந்ததும் பறக்கவிட்டார். அதற்கு முன்னால் நான் மல்பெரியில் வரிசை வரிசையாக மஞ்சள் சீட்டைக் கிளிப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காற்றாலைகூட அசையாமல் நின்றது. ட்ரோன் தாழ்வாகப் போய் வந்தது. அக்கா மேற்குக் கோடியில் முந்தியை மூக்கில் கட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றார். முடிகிற நேரத்தில் காற்றாலை ஒன்று மெள்ளச் சுற்ற ஆரம்பித்தது. இவர் உடனே இறக்கிவிட்டார். கொஞ்சம் காடு மிச்சம் இருந்தது.

குளித்து முடித்து, சீட்டுகளை எடுத்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டினார். முதல் வரிசையில் நீலப் புள்ளிகள். இரண்டாவதில் குறைவு. மூன்றாவதில் தேடிப் பார்த்தால் உண்டு. நான்காவதில் எல்லாம் சுத்த மஞ்சள், ஒரே ஒரு சீட்டைத் தவிர. அதில் ஒற்றைப் புள்ளி.

"இதென்னுங்க?"

"பனித்தண்ணியா இருக்கலாம். உன்ற வெரலா இருக்கலாம்."

"மருந்தா இருந்தா?"

முந்தைய நவநீதனாக இருந்தால் ஒரு கணக்கைச் சொல்லி என் வாயை அடைத்திருப்பார். இவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலை வாணி. இல்லைன்னு நம்பறேன். உறுதியாச் சொல்லத் தெரியலை. பேசாம பாதித் தோட்டத்தை உட்டுரு."

பாதித் தோட்டத்தை விட்டால் மிச்ச இலை இந்தப் பசிக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. பட்டினி போட்டாலும் கூடு வராது. உறுதி என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியலை என்று சொன்னாரே, அதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. முதல் ஆறு வரிசையை விட்டு, ஏழாவதிலிருந்து வெட்டி வந்தேன். கதவோரத் தட்டில் இருந்த புழுக்களுக்கு மட்டும் போட்டேன். மற்றவைக்கு நேற்று வெட்டி ஈரத்துணி போட்டு வைத்திருந்ததைப் பங்கு போட்டேன்.

பிறகு அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மருந்து இருந்தால் கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி ஆட்டும், கக்கும். ஜூனில் முதலில் பார்த்தது நான்தான். அந்தப் பச்சையை மறக்க முடியவில்லை.

வலைக்கு வெளியிலிருந்து குரல். "திங்குதா?"

"திங்குதுங்க."

சற்றுப் பொறுத்து மறுபடி. "திங்குதா?"

"போய் வேலையப் பாருங் மாமா."

போகவில்லை. எட்டிப் பார்த்தேன். இவர் பக்கத்தில் அக்காவும் நின்றுகொண்டிருந்தார். குளித்த ஈரத்தலை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னிடம் பேசாமல் இவரிடம் கேட்டார்: "என்னடா சொல்றா? திங்குதாமா?" சாயங்காலம் வரை இருவரும் அங்கேதான் இருந்தார்கள். இவரை அக்கா வைத வசவெல்லாம் வலை வழியாக உள்ளே வந்தது. இங்கே எழுத முடியாது. ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

பொழுது சாய்வதற்குள் தட்டில் காம்புதான் மிச்சம். எல்லாத் தட்டுக்கும் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

ஆகஸ்ட் 23, சனி

27 டிகிரி. ஈரம் 74.

விரல் தடிமனுக்கு வந்துவிட்டன. பகல் முழுக்க இலை வெட்டுகிறோம். கை காய்த்துப் போயிற்று. மக்காச்சோளத்தில் புதுக் குருத்து ஓட்டையில்லாமல் வந்திருக்கிறது. மிச்சம் வைத்த இடத்தில் மட்டும் புழு இருக்கிறது. அங்கே அக்கா தனியாக மணல் போட்டுக்கொண்டிருந்தார். நானும் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன். இலை வேலை விடவில்லை.

இவர் ட்ரோன் வைத்திருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டு ஷாம்பு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், "எம்பட வீட்டுல புழுவு செத்துச்சுங்க, நான் அடிச்ச மருந்துல" என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறார். கேட்டுக்கொண்டே தண்டு அடுக்கினேன். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவரிடம் சொல்லப் போவதில்லை, தலைக்கேறிவிடும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெப்பம் பார்க்கவில்லை.

காலையில் பார்த்தபோது புழுக்கள் பழுத்துவிட்டன. உடம்பு மஞ்சள் கண்ணாடி போல ஆகி, தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேடின. தலையைத் தூக்கியதும் ஒரு கணம் உயிரே போய்விட்டது எனக்கு. கக்கவில்லை. நூல்தான் விட்டன. பழுத்த புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடு கட்டுகிற வலையில் விடவேண்டும். அன்றைக்கே விட்டாகவேண்டும், காத்திருக்காது. பொறுக்குகிற அன்று அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக அக்காதான் நிற்பார். இந்தத் தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பறந்து பறந்து பார்த்தோம், பாதிகூட ஆகவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். அக்கா கை கழுவி, தலையிலிருந்த பூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். நேராக நடுத்தட்டுக்குப் போய்ப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

"பொறுக்கற அன்னிக்கிக் கூப்புடோணும்னு தெரியாதா?" என்று இவரைத்தான் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அக்காவின் உள்ளங்கை நிறையப் புழு, ஒன்றின் மேல் ஒன்று ஊர்ந்தபடி. அரிவாள் பிடித்துக் காய்த்த கை, முட்டையை ஏந்துவது போல ஏந்தியிருந்தது. சொசைட்டியில் இந்தக் கையில் பால் கேன் இருந்தது. என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன்.

"என்னை மன்னிச்சுருங்கக்கா. அத்தனை பேர்த்துக்கு முன்னால…"

கண் நிறைந்து வழிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏம் புள்ள, கண்ணுத்தண்ணி புழுவு மேல உழுவப் போவுது. தள்ளி நின்னு அழு."

தள்ளி நின்று அழுதேன். அக்கா பொறுக்கிக்கொண்டே இருந்தார். முகத்தைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தன் தட்டில் பாதியை எனக்கு விட்டு நகர்ந்து நின்றார்.